அண்ணாச்சியின் வாயில் இருந்த ஏலக்காய்

“மூணு தரம்” என்று சொல்லி மேஜையில் கட்டையைத் தட்டினேன். தட்டிய சத்தம் அடங்குவதற்குள் கூடத்தில் மற்ற சத்தமெல்லாம் அடங்கிவிட்டது.

போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடம் அது. காலை பதினொரு மணி இருக்கும். வியாபாரிகள் சாம்பிள் பார்த்துவிட்டுத் தரையில் கொட்டும் காய், செருப்புக்கடியில் நொறுங்கிக்கொண்டே இருக்கும். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அந்தச் சத்தம் ஓயவே ஓயாது. தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி கேட்கும். அன்றைக்கு ஓய்ந்தது. ஒருவரும் காலை அசைக்கவில்லை.

எல்லாருடைய பார்வையும் ஞானமுத்து அண்ணாச்சி மேல் இருந்தது. தூணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர், அவசரமே இல்லாமல் வலது கையை வாய்க்குக் கொண்டுபோனார். கன்னத்துக்குள்ளிருந்து ஓர் ஏலக்காயை எடுத்தார். எச்சிலில் ஊறியிருந்த அந்தக் காயை எதிரே இருந்த தட்டில் வைத்தார்.

அந்தக் காய் அவ்வளவு நேரமும் அவர் வாயில் இருந்திருந்தால், நான் செய்தது அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் செய்யத் துணியாத காரியம்.

காயும் பல்லும்

கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய குரல்தான் எனக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது என்று போன வாரம் எழுதியிருந்தேன். அது என்ன வேலை என்று இரண்டு பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஏலம் கூறுகிற வேலை.

மலைமேல் இருக்கும் தோட்டக்காரர்கள் காயை உலர்த்தி, மூட்டை கட்டி எங்கள் கம்பெனிக்கு அனுப்புவார்கள். ஒவ்வொருவர் சரக்குக்கும் ஒரு லாட் நம்பர். வாரத்தில் ஒரு நாள் எங்கள் முறை. அன்றைக்கு ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு கை சாம்பிள் வியாபாரிகளுக்குப் போகும். தட்டில் கொட்டி நிறம் பார்ப்பார்கள், உடைத்து மோந்து பார்ப்பார்கள், விலை கேட்பார்கள். நான் மேஜைக்குப் பின்னால் நின்று ஏற்றிக்கொண்டே போவேன். நூறைச் சொல்வதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். முப்பத்தாறு, முப்பத்தேழு என்று வாலை மட்டும்தான் சொல்வது. மூன்று தரம் கூறிக் கட்டையைத் தட்டிவிட்டால் எடுத்தவர் பெயர் நோட்டில் ஏறிவிடும். அதற்கப்புறம் சாமியே இறங்கி வந்து கேட்டாலும் கிடையாது.

கேட்கிறவர்கள் கை தூக்குவார்கள், தலையாட்டுவார்கள், சிலர் வாய்விட்டே விலை சொல்வார்கள். அண்ணாச்சி இதில் எதையும் செய்வதில்லை. சாம்பிளிலிருந்து ஒரு காயை எடுத்து முன்பற்களுக்கு நடுவே கவ்விக்கொள்வார். காய் பல்லில் இருக்கிறவரை அவர் கேட்கிறார் என்று அர்த்தம். நான் ஒவ்வொரு ரூபாயாக ஏற்றலாம். காயை எடுத்துத் தட்டில் வைத்தால் விலகிவிட்டார்.

இது எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது. எனக்கு முன்னால் அங்கே ஏலம் கூறியவர் தொண்டை கெட்டு வேலையை விட்டபோது, கட்டையை என் கையில் கொடுத்து, “மத்தவுக கையப் பாரு, அண்ணாச்சி வாயப் பாரு” என்றார். எனக்குக் கிடைத்த பயிற்சி மொத்தமே அவ்வளவுதான்.

அன்றைக்கு வந்தது நல்ல பச்சைக் காய், பருவட்டு என்கிற பெரிய ரகம். கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர் ஒவ்வொருவராக உதிர்ந்து, கடைசியில் உத்தமபாளையத்துக் காதர் பாய் மட்டும் கை தூக்கிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் தூண் பக்கம் பார்த்தேன். அண்ணாச்சி வாய் மூடியிருந்தது. பல்லில் காய் இல்லை. தட்டில் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு தரம் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தேன். இரண்டு தரம் சொல்லிவிட்டும் பார்த்தேன். இல்லை.

மூன்றாவது தரத்தைச் சொன்னேன்.

கான்பூரிலிருந்து வந்த முகம்

இந்த இடத்தில் அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், ஒருவர் வாயிலிருந்து காயை எடுத்ததற்கு நாற்பது பேர் ஏன் மூச்சடக்க வேண்டும் என்று கேட்பீர்கள்.

அவர் அப்பா போடி பஜாரில் சின்ன பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அண்ணாச்சி இளவயதில் வடக்கே கான்பூருக்குப் போய், பான் மசாலா செய்கிறவர்கள் வீட்டு வாசலில் சாம்பிள் பையோடு நின்றிருக்கிறார். ஏழெட்டு வருஷம். இந்தி அத்துபடியாகி, அங்குள்ளவர்கள் இவரை வீட்டு மனிதராகச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் ஊர் திரும்பினார்.

திரும்பி வந்ததும் முதலில் வாங்கியது டெலிபோன். தினமும் காலையில் வடக்கேயிருந்து அவருக்கு ஒரு கால் வரும். அங்கே என்ன விலை, யாருக்கு எவ்வளவு தேவை என்று பத்து மணிக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். மற்றவர்களுக்குத் தபாலில் வரும்போது அது பழைய சேதியாகியிருக்கும். அதனால் மற்றவர்கள் ஒரு சுலபமான வழியைக் கண்டுபிடித்தார்கள். அண்ணாச்சி கேட்டால் விலை ஏறப்போகிறது, விட்டால் இறங்கப்போகிறது. தனியாக டெலிபோன் எதற்கு?

இப்படித்தான் அவருடைய முகம் ஊருக்கே விலைப்பலகையானது. பிற்பாடு எல்லார் வீட்டுக்கும் டெலிபோன் வந்தது, எல்லார் பையிலும் செல்போன் வந்தது. ஆனாலும் கூடத்துக்குள் நுழைந்தால் பார்வை தூண் பக்கம்தான் போகும். பழக்கம்.

வேறு காரணங்களும் உண்டு. விலை விழுந்து, கொண்டுவந்த காயை ஏறெடுத்துப் பார்க்க ஆள் இல்லாத ஒரு வருஷத்தில், சிறு தோட்டக்காரர்களின் சரக்கையெல்லாம் அவர் எடுத்தாராம். எல்லையில் சோதனைச் சாவடிக்காரர்கள் லாரிகளை மறித்தபோது, இவர் போய் மலையாளத்தில் பேசிக் கட்டன் சாயா குடித்துவிட்டு வந்தார், பின்னாலேயே லாரிகள் வந்தன என்பார்கள். பையனுக்குக் காலேஜில் சீட்டு, பங்காளித் தகராறு, நின்றுபோன கல்யாணம், எல்லாமே அவர் வீட்டு வாசலுக்குப் போகும். பதிலுக்கு அவர் எதையும் கேட்டதில்லை. கேட்காததுதான் பெரிய விஷயம். கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு நிமிர்ந்திருப்பார்கள்.

முழுவதும் நல்லதாகவே எழுதினால் நான் பொய் சொன்னவனாவேன். அவர் காயைத் தட்டில் வைத்ததும் மற்றவர்களும் கையை இறக்கிவிடுவார்கள். அந்த லாட் அங்கேயே செத்துப்போகும். நல்ல சரக்குகூட அப்படிச் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தோட்டக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்கக் கூடாது. ஒருவர், கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். அண்ணாச்சி வேண்டுமென்று செய்தாரா என்றால், எனக்குத் தெரியாது. அவர் தனக்கு வேண்டாம் என்று வைத்தார். ஊர், யாருக்கும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டது.

காதர் பாய் மட்டும் ஏன் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்? புதிதாக லைசென்ஸ் எடுத்த ஆள். அவர் மச்சான் சவுதியில் இருந்தார். அங்கே காப்பியில் ஏலக்காய்தான் பிரதானம், காப்பித்தூள் பேருக்கு. பச்சையும் பருமனுமாகக் காய் வேண்டும் என்று மச்சான் போனில் சொல்லியிருந்தார். பாய் மடியில் இருந்த செல்போனைப் பார்த்தார், தூணைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நாற்காலிகள்

மறுபடி அந்தக் கூடத்துக்கு வருகிறேன். நனைந்த காய் தட்டில் இருக்கிறது.

எங்கள் மேனேஜர் சந்திரன் சார் என் காதருகே குனிந்து, “அந்த லாட்ட மறுபடியும் விடுப்பா” என்றார். அவர் மூச்சில் பாக்கு வாசனை அடித்தது.

“மூணு தரம் சொல்லியாச்சே சார்” என்றேன்.

இதைத் துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுதிவைத்த விதி என்றால் எனக்கு ஒரு பயம். படித்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்த விதி வளையும், எது வளையாது என்று தெரிந்திருக்கும். எனக்கு எல்லாமே இரும்பு.

அண்ணாச்சி எழுந்தார். தோள் துண்டை எடுத்து வாயருகே பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. நேராக நடந்து வெளியே போனார்.

அடுத்தாற்போல் ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. கண்ணாடியை மூக்கில் மாட்டியபடி, சாம்பிளை அள்ளிய கையோடு, எழுந்து எழுந்து போனார்கள். கூடத்தில் காதர் பாயும், பின் பெஞ்சில் தோட்டக்காரர்களும், சந்திரன் சாரும், நானும்தான் மிச்சம். இன்னும் பாதிக்கு மேல் லாட் கூற வேண்டியிருந்தது.

காதர் பாய் காலியான நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “பாண்டி, மிச்சத்தையும் எனக்கே தட்டிவிட்ருவியோ?” என்றார். அவர் சிரிக்க முயன்றார். நான் கட்டையை மேஜையில் வைத்துவிட்டேன்.

அடுத்த ஏலம் வரை

எங்கள் கம்பெனியின் அடுத்த ஏலத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. சந்திரன் சார் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அடுத்த ஏலத்துக்கு அண்ணாச்சி வந்தா கட்டைய நீ பிடி. வரலன்னா, தம்பி, நீ வேற எடம் பாத்துக்க. நாப்பது பேரு இல்லாம கம்பெனி ஓடாது” என்றார்.

அவர் காதர் பாயிடமும் பேசிப் பார்த்தார். லாட்டை விட்டுக்கொடுத்தால் சமாதானமாகிவிடும் என்பது கணக்கு. பாய் நியாயமாகத்தான் பதில் சொன்னார். “அண்ணாச்சி ஒரு வார்த்த கேக்கட்டும் சார், இப்பவே மூட்டைய அவுக வீட்டு வாசல்ல எறக்கிர்றேன். அவுக வாயால கேக்கட்டும்.” அண்ணாச்சியைப் போய்க் கேளுங்கள் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. அண்ணாச்சியும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

சேதி எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டது. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா விடிவதற்கு முன்னால் பஸ் பிடித்துக் கம்பம் போய், அங்கிருந்து ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிறவள். ஜீப்பில் பதினாறு பேரை அடைத்திருப்பார்கள். பேச்சுக்கு இடம் வேண்டியதில்லையே. “ஒம் மகன் ஏலத்தக் கெடுத்துப்புட்டானாம்ல. நம்ம தோட்டத்துக் காயும் அங்கன விக்காம கெடக்காம்ல” என்று மூச்சு முட்டமுட்டக் கேட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு அம்மா வந்ததும் வராததுமாக, கறை படிந்த கையைக்கூடக் கழுவாமல் எதிரே உட்கார்ந்தாள். நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, “நாங்க காயப் பறிக்கிறோம். நீ காய ஏலம் விடுற. நடுவுல யாருலே அது, காய வாயில போட்டுக்கிட்டுப் பேசாமக் கெடக்குறது?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. கால் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்க் காலில் விழு என்றாள். என்ன தப்புக்கு என்று கேட்டேன்.

“தப்பு என்னத்துக்குலே? விழுந்தா தேஞ்சா போயிருவ? நம்ம வம்சத்துல ஃபேனுக்கு அடியில நின்னு சம்பளம் வாங்குறவன் நீ ஒருத்தன்.”



மிக்சர் வாங்கவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி மூன்று முறை எழுதிக் கிழித்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதினால் அது உண்மை. தாங்கள் கேட்டதைக் கவனிக்காமல் விட்டேன் என்று எழுதினால் அது பொய். மூன்று தடவை பார்த்தேனே. ஆனால் வேலையைக் காப்பாற்றப்போவது அந்தப் பொய்தான் என்று தெரிந்தது. நாலாவது தாளில் பொய்யை எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அன்றைக்கு அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டு வாசலில்

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வாசலில் ஐந்தாறு ஸ்கூட்டர்கள். வியாபாரிகள் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். நாலு நாள் முன்பு என் எதிரே நாற்காலியில் இருந்தவர்கள்.

அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்ததும், “வந்துட்டியா மகராசா. இப்ப நெனப்பு வந்துச்சாக்கும்” என்றார்.

நான் அவரிடமே கேட்டேன். “அண்ணாச்சி ஏலத்துக்கு யாரும் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காகளாண்ணே?”

அவர் என்னைப் பாவம்போலப் பார்த்தார். “அவுக சொல்லணுமாக்கும்?”

“அப்ப யாருகிட்டயும் சொல்லலையா?”

“எலேய், அவுக எந்திரிச்சுப் போனாக. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?”

நின்றிருந்த அத்தனை பேரும் வந்திருந்தது, அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துகொள்ள. வடக்கேயிருந்து ஆர்டர் வந்து ஒவ்வொருவர் கழுத்திலும் உட்கார்ந்திருந்தது. இங்கே காய் எடுக்காவிட்டால் வேறு எங்கே எடுப்பது என்று இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். யாராவது ஒருத்தர் முதலில் போனால் நாமும் போகலாம் என்பது பேச்சு. அந்த ஒருத்தர் யார் என்பதுதான் தெரியவில்லை.

அண்ணாச்சியின் மருமகள் வாசலுக்கு வந்தார். எல்லாரும் நிமிர்ந்தோம். “மாமா இப்ப யாரையும் பாக்கலன்னு சொல்லச் சொன்னாக. தப்பா நெனச்சுக்கிறாதீக” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

“பாத்தியா, கோவம் எறங்கல” என்றார் ஒருவர். எல்லாரும் அதை ஆமோதித்து வண்டியை எடுத்தார்கள்.

கடிதத்தை அந்த அம்மாளிடமே கொடுத்திருக்கலாம். ஏனோ கை சட்டைப்பைக்குப் போகவில்லை. ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது நெஞ்சில் உறுத்தியது. இரண்டு நாள் கழித்து அம்மா சட்டையைத் துவைக்கும்போது கடிதம் கூழாகிப்போனது. நானும் அதைக் காப்பாற்ற ஓடவில்லை.

அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. சோற்றைப் பிசைவேன், வைத்துவிடுவேன். கம்பத்தில் ஒரு வாழைமண்டியில் எழுத்துவேலை இருப்பதாகச் சொன்னார்கள். விசாரித்தும் வைத்தேன்.

விலை கேட்ட குரல்

ஏலநாள் வந்தது. ஒன்பதரைக்கே கூடத்தைத் திறந்து, நாற்பது தட்டுகளையும் துடைத்து, சாம்பிள்களை வரிசைப்படுத்தி வைத்தோம். சந்திரன் சார் ஒரு மூலையில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். காதர் பாய் மட்டும் உள்ளே வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, எனக்கு ஒரு சலாம் போட்டார்.

மற்றவர்கள் வராமல் இல்லை. எதிரே டீக்கடையில் நின்றார்கள். ஆளுக்கு இரண்டு டீ குடித்திருப்பார்கள். கூடத்து வாசலையும் தெருமுனையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பத்தேகால் ஆயிற்று. தெருமுனையில் வெள்ளை அம்பாசடர் திரும்பியது.

அண்ணாச்சி இறங்கினார். டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும், மடை திறந்த மாதிரி அத்தனை பேரும் உள்ளே வந்தார்கள். சிலர் கையில் டீ கிளாஸ்கூட இருந்தது.

சந்திரன் சார் என்னைப் பார்த்துக் கட்டையைக் காட்டினார்.

முதல் லாட்டைக் கூற ஆரம்பித்தேன். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. என் கண் அண்ணாச்சி வாயைவிட்டு நகரவில்லை. பல்லில் காய் இல்லை. தட்டில் சாம்பிள் தொடாமல் கிடந்தது. இன்றைக்கும் கன்னத்தில் வைத்திருக்கிறாரா? கன்னத்தைப் பார்த்தேன். எதுவும் புரியவில்லை. ஒரு தரம் என்றேன். இரண்டு தரம் என்று சொல்லிவிட்டு, கட்டையைத் தூக்க முடியாமல் நின்றேன்.

“நாப்பத்தஞ்சு” என்றது ஒரு குரல்.

அந்தக் குரலை அந்தக் கூடத்தில் நான் கேட்டதேயில்லை. அதன் கடைசி எழுத்தில் விசில் அடித்தது. பல் இடுக்கில் காற்று பிரிகிற விசில்.

சொன்னவர் அண்ணாச்சி.

கூடத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிலர் தட்டைக் குனிந்து பார்த்தார்கள். அவர் எப்போதும் அப்படித்தான் கேட்பவர்போல நான், “நாப்பத்தஞ்சு, அண்ணாச்சி நாப்பத்தஞ்சு” என்று கூறினேன். ஒரு தரம். இரண்டு தரம்.

“நாப்பத்தாறு” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. அண்ணாச்சி வாயில் காய் இருக்கும்போது அவருக்கு மேலே கேட்பவர்கள் மிகக் குறைவு. அதுவும் பின்வரிசைக்காரர்கள் கேட்டதே கிடையாது. இவர் ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. முகத்தை எதிர்த்துக் கேட்பது வேறு, குரலை எதிர்த்துக் கேட்பது வேறு போலிருக்கிறது. குரல் என்றால், அதுவும் நம்மைப்போல் ஒரு மனிதனின் விலைதானே.

அண்ணாச்சியும் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் கோபத்தைத் தேடினேன். கொஞ்சம் ஆச்சரியம்தான் இருந்தது. “நாப்பத்தெட்டு” என்றார், நிதானமாக. அந்த லாட் அவருக்குத்தான் போனது. அடுத்ததில் விட்டுவிட்டார், அவர் விட்ட பிறகும் இரண்டு பேர் கேட்டார்கள். முந்தின வாரம் தேங்கிய லாட்டுகள் உட்பட எல்லாவற்றையும் மூன்று மணிக்குள் கூறி முடித்தேன். அம்மா வேலை பார்க்கும் தோட்டத்துக் காயும் போனது.

முடிந்ததும் அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அன்னைக்கு நீ பாக்கலங்கிறது தப்பில்ல. காய் பல்லுல இல்ல, கன்னத்துல கெடந்துச்சு. மேல் பல்லு செட்டு கட்டியிருக்கேன், மதுரையில. புதுசு. காயக் கடிச்சா செட்டு கழண்டு காயோட வந்துருது.”

“நீங்க கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டீகன்னு எல்லாரும்...” என்று இழுத்தேன்.

“பல்லு எகிறு வலிப்பா. உயிர் போற வலி. பொறுக்க முடியாம எந்திரிச்சேன். வாசல்ல போய்த் திரும்பிப் பாத்தா, பின்னாலயே ஒரு கூட்டம் வருது. என்னத்துக்குடா வாரீகன்னு கேக்கலாம்னா, வாயத் தெறந்தா செட்டு கீழ விழுந்துரும்.”

“வீட்டுக்கு வந்தேன். பாக்க முடியாதுன்னுட்டாக.”

“பல்லக் கழட்டித் தண்ணியில போட்டிருந்தேன். எப்பிடிப் பாக்கச் சொல்ற?” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆர்டரு எனக்கும் நிக்குதுப்பா. நான் வராட்டி அவுகளும் வர மாட்டாகளாம். செட்டு பழகுற மட்டும் வீட்டுல இருக்கலாம்னு பாத்தா, விட மாட்டேங்கிறாக” என்றார்.

போவதற்குத் திரும்பியவர் நின்று, “இனிமே வாயாலதான் கேப்பேன். காதத் தீட்டி வச்சுக்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை எழுதலாமா என்று தயங்கத் தேவையில்லை. அண்ணாச்சியே பின்னால் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்து, செட்டைக் கையில் எடுத்துக் காட்டியபடி இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். அதற்குள் ஏலம் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது. ஆளுக்கொரு பொத்தான், யார் அழுத்துகிறார் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் கூறுகிற வேலை போய், திரையைக் கவனிக்கிற வேலை வந்தது.

கம்பம் பஸ்

அன்று நான் கூடத்துக்குப் பின்னால் போய், தண்ணீர்த் தொட்டியோரம் நின்று, ஆள் பார்க்காதபடி சிரித்தேன். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாமல் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு எதிர்க் கடையில் நாலு புரோட்டா சாப்பிட்டேன். சால்னாவை இன்னொரு முறை கேட்டு வாங்கினேன். தேவாரம் வழியாகக் கம்பம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது.

அடுத்து ஞாபகம் இருப்பது, கண்டக்டர் தோளைப் பிடித்து உலுக்கியது. பஸ் காலி. உத்தமபாளையம் எப்போதோ போய்விட்டது. கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தது வண்டி.

இறங்கி, கொட்டாவி விட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். வெயில் சாய்ந்திருந்தது. மலையிலிருந்து இறங்கிய ஜீப்புகள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றிலிருந்து, தூக்குவாளியும் கையுமாக, மேலெல்லாம் ஏலக்காய் வாசனையோடு அம்மா இறங்கினாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். வேலை நேரத்தில் நான் கம்பத்தில் நிற்க அவளுக்கு ஒரே காரணம்தான் தெரியும்.

“இங்கன என்னலே பண்ணுற? வேல போயிருச்சா?”

“இல்ல ஆத்தா. வேல இருக்கு” என்றேன். “பஸ்ஸுல நல்லாத் தூங்கிட்டேன்.”

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தூக்குவாளியை என் கையில் கொடுத்துவிட்டு, ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.